நின்று எரிகிற சிவப்பு

ஞானதிரவியம் தன் மனைவி கனகமணியை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு சிவப்புப் புள்ளியாகத்தான். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். விடிய இன்னும் நேரம் இருந்தது. அவள் தூக்குச்சட்டியை ஹேண்டில்பாரில் மாட்டினாள், உப்பளத்துக்குப் போகும்போது சேலைக்கு மேலே போட்டுக்கொள்ளும் அவருடைய பழைய சட்டைக்குப் பித்தான் போட்டாள், என்னவோ சொன்னாள். கஞ்சியில் உப்புப் போட்டிருக்கிறேன் என்றாளா, போடவில்லை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றாளா, இன்றுவரைக்கும் தெரியாது. காதுக்குள் காய்ச்சல் இரைந்துகொண்டிருந்தது. சைக்கிள் தெருவில் இறங்கிற்று. தெருவிளக்கைத் தாண்டியதும் அவள் இல்லை, சைக்கிள் இல்லை, சீட்டுக்கு அடியில் மாட்டியிருந்த சிவப்பு விளக்கு மட்டும் தனியாகப் போயிற்று. ஐஸ் கம்பெனிச் சுவர்வரை போய், சுண்டைக்காய் அளவுக்குச் சிறுத்து, வலது பக்கம் திரும்பி, இல்லாமல் ஆனது. ஓலைக் கொட்டகை நிழலில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை என்று மத்தியானம் லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதற்கப்புறம் அவள் முகத்தைச் சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் உயிரோடு பார்த்தது எது என்று மனசைக் கேட்டால் அது முகத்தைத் தருவதில்லை. அந்த விளக்கைத்தான் எடுத்து நீட்டுகிறது.

"அண்ணாச்சி, உம்மத்தான். எங்க போயிட்டீரு?" என்று லிங்கதுரை கண்ணாடி மேஜையைத் தட்டினான். சைக்கிள் கடைக்காரன். நாற்பது வயசுக்கு மேல் ஆகியும் தலையில் ஒரு நரை கிடையாது, வாயில் ஒரு பூட்டும் கிடையாது. மேஜைமேல் விளக்குகளை வரிசையாக எடுத்து வைத்திருந்தான், மீன் விற்கிறவள் கூறு கட்டி வைப்பதுபோல. இது டைனமோ, டயரில் உரசி எரிவது, பேட்டரிச் செலவே இல்லை. இது பென்சில் பேட்டரி போடுவது. இது செல்போன் மாதிரி சார்ஜ் போடுவது. இது நெற்றியில் கட்டிக்கொள்வது, ராத்திரி நண்டு பிடிக்கப் போகிறவர்கள் வாங்குவார்கள். "விலையப் பாத்து மலைக்காதீரும், எல்லாம் ஏழை பாழை வாங்குற வெலதான். ஆனா ஒண்ணு கேக்கேன். போன வாரம் வாங்கிட்டுப் போனீரே, அத என்ன செஞ்சீரு?" வெளிச்சம் பத்தவில்லை என்றார் ஞானதிரவியம். "பத்தலையா? அத மாட்டிக்கிட்டுக் கப்பலே ஓட்டலாம்வே!" கப்பல் ஓட்டலாம். ஓட்டலாம்தான். மாட்டிப் பார்த்தவருக்கல்லவா தெரியும். முன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு பஞ்சு மூட்டையைத் தொங்கவிட்டது போல வெள்ளையாக ஒரு உருண்டை, அவ்வளவுதான், அதைத் தள்ளிக்கொண்டே போகிற மாதிரி இருந்தது, உருண்டைக்கு அந்தப் பக்கம் ரோடு இருக்கிறதா கடல் இருக்கிறதா என்று தெரியவில்லை. சீன விளக்கு என்றால் அப்படித்தான் இருக்கும். அதற்கு முன்னால் வாங்கியதும் அப்படித்தான் இருந்தது, அது சீன விளக்கு இல்லை. உப்புக் காற்றுக்கு உள்ளே இருக்கிற கம்பி பச்சை பூத்திருக்கும். வாங்கி ஒரு வாரத்திலா? பூக்கும், ஏன் பூக்காது. முத்தையாபுரத்து உப்புக் காற்று வீட்டு ஜன்னல் கம்பியையே தின்கிறது, இந்த நூல் கம்பியை விடுமா. இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே யோசனைக்கு அடியில் வேறொன்று அசைந்தது. அதன் தலை வெளியே வருவதற்குள் அவர் டைனமோவைக் கையில் எடுத்து உருட்ட ஆரம்பித்தார்.

டைனமோவில் ஒரு சங்கடம் உண்டு. சக்கரம் நின்றால் வெளிச்சமும் நின்றுபோகும். இறங்கித் தள்ளுகிற நேரம்தான் வெளிச்சம் அதிகம் வேண்டும், அப்போது பார்த்து அது கண்ணை மூடிக்கொள்ளும். அவர் இறங்கித் தள்ளித்தான் போகிறார் இப்போதெல்லாம். அளத்துக்குப் போகிற ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று தோண்டிப் போட்டார்கள், அதிலிருந்துதான் எல்லாம். அதற்கு முன்னால் அந்த ரோடு அவருக்கு உடம்பிலேயே இருந்தது. ரைஸ் மில் தாண்டி ஒரு குலுக்கல், அப்புறம் வழவழவென்று கொஞ்ச தூரம், சீமைக்கருவேல மரங்களின் பச்சை வாடை வந்தால் இடதுபக்கம் ஒதுங்க வேண்டும், காதில் காற்று சட்டென்று அகலமானால் அளம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கண்ணால் பார்த்தா போனார். இப்போது ரோடு வேறு ரோடாகிவிட்டது. மண் மேடு எங்கே வைத்தார்கள், குழாய் எங்கே போட்டார்கள் என்று நாளுக்கு நாள் மாறுகிறது. அளத்துக்குள் போகிற வரப்பிலும் மண் அடித்து உயர்த்தியிருந்தார்கள். அதில் போகும்போதுதான் சைக்கிள் ஒரு நிமிஷம் ஒன்றுமில்லாததன் மேல் ஓடியது. அப்புறம் இடுப்பளவு உப்புத் தண்ணீர். வாய்க்காலுக்குள் நின்றுகொண்டிருந்தார், கையில் ஹேண்டில்பார், வாயில் கசப்பு. சத்தம் கேட்டு ஆட்கள் டார்ச்சோடு ஓடிவந்தபோது அவர் வாய் தானாகவே சொன்னது, "நாய். நாய் ஒண்ணு குறுக்க வந்துட்டு."

என்ன நாய் என்று கேட்டார்கள். செவலை நாய் என்றார். ஏன் செவலை என்றார் என்று இன்றைக்கும் அவருக்குப் புரியவில்லை. நாய் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம், இருட்டில் நிறம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை, அவரவருக்குத் தெரிகிறது போலும், அதனால் கேட்கத் தோன்றவில்லை. இப்போது அந்த நாய் அளத்தில் பெரிய ஆள். கேட்டில் இருக்கிற காவல்காரன் செவலை நாயைக் கண்டால் கம்பை எடுக்கிறான். கொட்டகையில் மீன் முள் தின்ன வருகிற ஒரு வாயில்லாப் பிராணி, அதுவும் பாதி செவலை, எல்லோரிடமும் அடி வாங்குகிறது. அவர் தினமும் தன் தூக்குச்சட்டியில் கொஞ்சம் சோறு மிச்சம் வைத்து யாரும் பார்க்காத நேரத்தில் அதற்கு வைத்துவிட்டு வருகிறார். அதற்கு என்ன தெரியும். வாலை ஆட்டுகிறது. விழுந்ததில் அவர் சைக்கிளுக்கு முன் சக்கர ஃபோர்க் வளைந்துவிட்டது, இப்போது கனகமணியின் லேடீஸ் சைக்கிளைத்தான் ஓட்டுகிறார், அதற்கும் ஆட்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். சிரிப்பவர்கள் பிரச்சினை இல்லை. கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. "ஞானதிரவியம், ரெண்டு நாளா வெளிச்சம் வந்தப்புறம் வாரீரு. உம்ம ஜோடி தனியா நின்னு வாருதான். நம்ம தொழில்ல இது சரிப்படாது பாத்துக்கிடும்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னால்தான் பயப்பட வேண்டும். அளத்தில் இருட்டோடு இறங்கினால்தான் வேலை. வெயில் ஏறிவிட்டால் வெள்ளைப் பாத்தி முழுக்க ஆயிரம் கண்ணாடியைப் பரப்பியது போல ஆகிவிடும், முகத்துக்கு நேரே பார்க்க முடியாது. உப்பு வாருவது இரண்டு பேர் வேலை, ஒருத்தன் பலகையை இழுத்தால் ஒருத்தன் குவிக்க வேண்டும். ஒருத்தன் வராவிட்டால் அடுத்தவன் கூலியும் போகும். பாத்தியில் இறங்கிவிட்டால் அவருக்கு ஒரு குறையும் இல்லை, கால் விரலுக்கே தெரியும் உப்பு எவ்வளவு கனம் கட்டியிருக்கிறது என்று, அங்கே பெரிய பல்பு வேறு எரிகிறது. வீட்டிலிருந்து அதுவரைக்கும் போய்ச் சேருவதுதான். நடுவில் இருக்கிற அந்த இருட்டுத்தான்.

செல்போன் அடித்தது. மகள் பியூலா, திருப்பூரிலிருந்து. "எப்பா, எங்க இருக்கிய?" கடையில் என்றார். "என்ன கடை?" காய்கறிக் கடை. அடுத்த பொய்க்கு நிறம் கேட்காமல் இருக்க வேண்டுமே. "என்ன காய் வாங்குதிய?" அவர் மேஜைமேல் இருந்த விளக்குகளைப் பார்த்து, கத்தரிக்காய் என்றார். லிங்கதுரை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். "எப்பா, கணக்கப்பிள்ளை சித்தப்பாட்ட பேசினேன். நீங்க வாய்க்கால்ல விழுந்தத ஏன் எங்கிட்ட சொல்லல? இந்த மாசத்தோட போதும்ப்பா. உங்க மாப்பிள்ளை ஞாயித்துக்கெழமை வாராவ. கூட வந்திருங்க." பார்ப்போம் என்றார். "என்ன பாப்போம்? பாக்கதுக்கு என்ன இருக்கு?" என்றாள். நல்ல பிள்ளை, கனகமணியின் மூக்கு, கனகமணியின் அவசரம். கனகமணி இறந்தபின் ஒரு மாசம் பியூலாவின் திருப்பூர் வீட்டில் இருந்தார். மூன்றாம் மாடி. ஒரு ஸ்விட்சைப் போட்டால் சுவர் முழுக்க வெளிச்சம், குளிக்கிற இடத்தில்கூட வெளிச்சம், ராத்திரி முழுக்க வராந்தாவில் எரிகிற டியூப்லைட். அங்கே இருட்டே கிடையாது. அவருக்கு அங்கே ஒரு குறையும் தெரியவில்லை. செய்யவும் ஒன்றும் இல்லை. டி.வி.க்கு எதிரில் சோபாவில் வைத்தார்கள், இருந்தார். சாப்பிட எழுப்பினார்கள், எழுந்தார். மருமகன் ஆபீஸ் போகும்போது "வரட்டுமா மாமா" என்பார், திரும்பி வந்து "என்ன மாமா" என்பார், அந்த இரண்டுக்கும் நடுவில் பகல் பூராவும் அவர் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டிருந்தார். அமுக்கத் தெரியாது என்றில்லை. கை என்று ஒன்று இருந்தால் அதில் ஏதாவது வைத்திருக்க வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வருவதற்குள் ஒரு விளக்கு வாங்கிவிட வேண்டும். நேரத்துக்குப் போய் நின்று காட்டிவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. "அவசரப்படாதீரும் அண்ணாச்சி, கத்தரிக்காய நல்லாப் பாத்து வாங்கும்" என்றான் லிங்கதுரை.

கடைக்குப் பின்னால் பழைய டயர்கள் அடுக்கிய ஒரு சந்து இருந்தது. வெளியே அந்தி மங்கிக்கொண்டிருந்தது, சந்துக்குள் அதற்குள் இருட்டிவிட்டது. லிங்கதுரை ஒவ்வொரு விளக்காகக் கொண்டுவந்து எரித்துக் காட்டினான். "அந்தக் கடைசியில என்ன தெரியுது, சொல்லும்." பஞ்சு மூட்டை தெரிந்தது. மங்கல், வேறே எடு என்றார். அடுத்தது. அதே பஞ்சு மூட்டை, கொஞ்சம் மஞ்சளாக. நெற்றியில் கட்டுகிறதைக் கட்டிப் பார்த்தார், தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் மூட்டையும் திரும்பியது. "அண்ணாச்சி, சுவத்துல எங்கப்பா பேரு எழுதியிருக்கு, அதுகூடவா தெரியல?" தெரிகிறது தெரிகிறது என்றார், என்ன எழுத்து என்று கேட்டுவிடுவானோ என்று அவசரமாக நெற்றிப் பட்டையைக் கழற்றி நீட்டினார். கேட்கவில்லை. வேறே என்னவோ மாதிரி குரலைத் தாழ்த்தி, "கண்ணாஸ்பத்திரியில ஒரு தடவ காட்டுமேன். எங்க மாமனாருக்கும் இப்படித்தான்..." என்றான். "எங்கண்ணுக்கு என்ன கேடு? இப்ப பேப்பர் கொண்டா, வரி விளம்பரம்வரைக்கும் வாசிச்சுக் காட்டுதேன். ஒன் விளக்குதான் கெட்டது." பகலில் வாசிப்பார், அது உண்மை. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். பகலில் வரப்பின்மேல் ஊர்கிற எறும்பை எண்ணுவார். இருட்டு விழுந்ததும்தான் உலகத்தை யாரோ பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். இது எப்போதிருந்து? போன வருஷம் அப்படி இல்லையே. கனகமணி இருந்தவரைக்கும் இதே இருட்டில், இதைவிட மோசமான சைக்கிளில், விளக்கே இல்லாமல் போய் வந்தவர்தானே. முன்னால் விளக்கு இல்லாமல்தான் ஓட்டினார். ஒரு நாள் விழுந்ததில்லை. அப்படியானால் கண் எப்படிக் கெட்டிருக்கும், ஒரு வருஷத்திலா கெடும். ரோடுதான் கெட்டது, விளக்குதான் கெட்டது என்று மறுபடியும் அதே வட்டத்தில் ஒரு சுற்று.

அவள் முன்னால் போவாள், அவர் பின்னால் போவார். ஆரம்பத்தில் அப்படியில்லை. கல்யாணம் ஆகி வந்த புதிதிலிருந்து அவர்தான் முன்னால், ஊரில் எந்தப் புருஷனும் அப்படித்தானே போவான். ஒரு நாள் அவள் மணியை அடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். என்ன என்று கேட்டதற்கு, "ஒங்க பீடிப் புகை பூரா எம் மூஞ்சியில அடிக்கி. நான் முன்னால போறேன், பொறத்தால வாங்க" என்றாள். அவருக்கு ரோஷம் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் பீடியையே விட்டார், அவளுக்காக இல்லை, இருமலுக்காக, என்று சொல்லிக்கொண்டார். பீடியை விட்ட பிறகும் அவள் பின்னால் போகவில்லை. கேட்டால், "பழகிப்போச்சு" என்றாள். முன்னால் போனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா போவாளா. "பள்ளம் ஒண்ணு கெடக்கு." "நேத்துப் பேஞ்ச தண்ணி இன்னும் வடியல பாரு, எடது ஓரத்துல நிக்கி." "எந்தப் படுபாவி கல்லக் கொண்டாந்து நடுவுல போட்டானோ." காற்றோடு பேசுகிறவள் மாதிரி, யாருக்கும் இல்லாமல், பொதுவாகப் பேசிக்கொண்டே போவாள். அவருக்கு எரிச்சலாக வரும். விடியுமுன்னே இந்தத் தொணதொணப்பா என்று. ஒருமுறை, "வாய மூடிட்டு மிதி, எனக்கென்ன கண்ணு இல்லையா?" என்று கத்தியிருக்கிறார். அவள் கொஞ்ச தூரம் பேசாமல் போனாள். அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது. அப்புறம், "வளைவு வருது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிச் சண்டைக்கு வரவில்லை. சண்டை என்றால் அடுத்த தெருவரைக்கும் போகிறவள்.

சந்தின் வாயில் ஒரு சைக்கிள் குறுக்கே போயிற்று. யாரோ ஒரு ஆள் எப்போதோ இந்தக் கடையில் வாங்கி மாட்டியதாக இருக்க வேண்டும். சைக்கிள் போனது அவருக்குத் தெரியவில்லை, செயின் சத்தம் கேட்டது, ஆனால் இருட்டின் நடுவே ஒரு சிவப்பு வந்தது. பஞ்சு இல்லை, மூட்டை இல்லை. ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. அவர் அதைப் பார்த்தார். வந்தது, அணைந்தது, கொஞ்சம் தள்ளி மறுபடி வந்தது. அணைகிற நேரத்தில் அது எங்கே என்று கண் தவித்தது, ரோட்டில் கைப்பிள்ளையைத் தவறவிட்டுத் தேடுகிறவள் மாதிரி. "அது என்ன விளக்கு?" "அதா, பின்னால மாட்டுறது. உமக்கு எதுக்கு அது? நீரு கேட்டது முன்னால மாட்டுறதுல்லா?" அதைக் கொண்டுவா என்றார். கொண்டுவந்தான். கொண்டுவந்து டயர் அடுக்கின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். சிவப்பு வந்தது, போனது, வந்தது, போனது. சந்தின் அந்தக் கோடியிலிருந்தும் தெரிந்தது. அவர் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து பார்த்தார், முதுகில் சுவர் முட்டுகிறவரைக்கும். தெரிந்துகொண்டே இருந்தது. "இது ஏன் விட்டு விட்டு எரியுது? நின்னு எரியாதா?" என்று கேட்டார். கேட்டதும் லிங்கதுரை சத்தமாகச் சிரித்துவிட்டான். "சரியாப் போச்சு! புருஷனும் பொண்டாட்டியும் பேசி வச்சுக்கிட்டா கேக்கிய? மதினி வந்து வாங்கும்போதும் இதேதான் கேட்டாவ."

என்ன கேட்டாள் என்றார். லிங்கதுரை மறுபடி மேஜைப் பக்கம் நடந்துகொண்டே சொன்னான். எல்லோருக்கும் விட்டு விட்டு எரிகிறதுதான் வேண்டும், அப்போதுதான் பின்னால் வருகிற லாரிக்காரன் கண்ணில் படும், லிங்கதுரையும் எத்தனையோ சொல்லிப் பார்த்தான், மதினி பிடித்த பிடியை விடவில்லை. "நின்னு எரியுறது குடு, விட்டு விட்டு எரிஞ்சா இடையில தொலைஞ்சு போவும்ன்னாவ. யாரு தொலைஞ்சு போவான்னு கேட்டேன். வேற காட்டுன்னாவ. இருந்த சரக்கு பூரா எறக்கிக் காட்டினேன். எல்லாத்தையும் எரியவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நின்னு, கண்ண இப்படிப் பாதி மூடிக்கிட்டுப் பாத்தாவ. மொகம் பூரா சேலையப் போத்திக்கிட்டு, அந்தச் சேலைக்குள்ளேருந்தும் பாத்தாவ. எங்கடைக்கு வந்தவன் பூரா நின்னு வேடிக்க பாத்தான் அண்ணாச்சி. கடைசில ஒண்ண எடுத்தாவ. முன்னால ஒண்ணு வேண்டாமா மதினின்னேன். எனக்கெதுக்கு, எனக்கு நல்லாத் தெரியும்ன்னு போயிட்டாவ." அது எப்போது? அவனுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பியூலா கல்யாணத்துக்கு முந்தி இருக்கும் என்றான். பியூலா கல்யாணத்துக்கு முந்தி. அவர் பீடியை விட்ட வருஷம்.

மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார ஸ்டூல் இருந்தது, உட்காரவில்லை. சேலையைப் போர்த்திக்கொண்டு அதற்குள்ளிருந்து பார்த்தாளா. நீலச் சேலையாக இருக்குமா, அந்தக் கனமான சுங்குடியா. சேலைக்குள்ளிருந்து பார்த்தால் உலகம் எப்படி இருக்கும்? இப்படித்தான் இருக்கும். இப்போது இந்தக் கடைவாசலில் ரோடு இருக்கிற மாதிரி இருக்கும். அவருக்கு எப்படித் தெரிகிறது என்று அவள் தெரிந்துகொள்ளப் பார்த்திருக்கிறாள், அவருக்கே தெரியாத காலத்தில். அவர் எங்கே தடுமாறினார், எந்த இருட்டில் கையை நீட்டிச் சுவரைத் தேடினார், எந்த நாள் அவள் பின்னாலிருந்து அதைக் கண்டாள், கண்டு அந்த நாள் எப்படிச் சைக்கிளை மிதித்தாள். கேட்டிருக்கலாமே. ஏங்க, ஒங்களுக்குக் கண்ணு தெரியலையா என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? விளக்குதான் கெட்டது என்றிருப்பார். நாய் என்றிருப்பார். அவளுக்கு அது தெரியும். அதனால்தான் பீடிப் புகை. அதனால்தான் பள்ளம், தண்ணி, கல்லு, வளைவு. தினமும் சொல்லியிருக்கிறாள், இத்தனை வருஷமாக ஒரு நாள் விடாமல் சொல்லிக்கொண்டே முன்னால் போயிருக்கிறாள், அவர் அதைத் தொணதொணப்பு என்று கேட்டுக்கொண்டே பின்னால் போயிருக்கிறார். அந்தக் காய்ச்சல் நாளில் மட்டும் அவள் தனியாகப் போனாள். அன்றைக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆனாலும் விளக்கை எரியவிட்டுக்கொண்டு போனாள். வாசலில் நிற்கிறவர் பார்ப்பார் என்றா, பழக்கத்திலா. இதற்கு மேல் அந்த யோசனையால் போக முடியவில்லை, அந்த இடத்திலேயே முள்ளில் மாட்டிய துணியைப் போலப் படபடத்துக்கொண்டு நின்றது. "நின்னு எரியுறதும் இருக்கு" என்றான் லிங்கதுரை, ஒரு பொத்தானை அமுக்கிக் காட்டி. "ஒரு தடவ அமுக்கினா விட்டு விட்டு எரியும், ரெண்டாந்தடவ அமுக்கினா நின்னு எரியும். ஆனா அண்ணாச்சி, இத ஒம்ம சைக்கிளுக்குப் பின்னால மாட்டி நீரு எப்படிப் பாப்பீரு?"

அதுதான். அது இன்னொருத்தர் சைக்கிளில் இருக்க வேண்டிய விளக்கு. முன்னால் ஒரு ஆள் வேண்டும்.

"காத்து அடிக்கணும்டே லிங்கதுரை, பின் வீலு பொசுக்குனு கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள் அன்னபாக்கியம். அவர் வீட்டுக்கு எதிர்வீடு, அதே அளத்தில்தான் வேலை, கனகமணியை அக்கா அக்கா என்று சுற்றியவள், அந்த உரிமையில் அவரை அத்தான் என்று கிண்டல் செய்கிறவள். மேஜையைப் பார்த்துவிட்டாள். "என்ன அத்தான், மறுபடியும் லைட்டா? வீட்டு மாடியில கலங்கரை விளக்கம் கட்டப் போறியளா?" லிங்கதுரை, "அவரு கத்தரிக்காயில்லா வாங்க வந்திருக்காரு" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் குனிந்து பம்ப்பை அடிக்க ஆரம்பித்தாள். அவர் அவள் சைக்கிளின் பின்பக்கத்தைப் பார்த்தார். கேரியர், அதில் கட்டிய சாக்கு, மட்கார்டில் உடைந்த ஒரு ரிஃப்ளெக்டர். "ஒன் சைக்கிள்ல பின்னால விளக்கு இல்லையே அன்னபாக்கியம்" என்றார். "எம் முதுகுக்கு எதுக்கு அத்தான் விளக்கு? அதப் பாத்து யாரு மயங்கப் போறா?" "இல்ல, லாரிக்காரன்..." என்று ஆரம்பித்தார். லாரிக்காரன் வாயிலேயே தயாராக இருந்தான், நாயைப் போலவே, நிறத்தோடு. அவன்பாட்டுக்கு வெளியே வந்துவிட்டால் போதும். அவள் சிரித்துக்கொண்டே விளக்கை மாட்டிக்கொள்வாள், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. தெரியாமல் எத்தனை நாள்? அவள் தன் இஷ்டத்துக்கு எட்டி மிதிப்பாள், ஒரு நாள் வேறு வழியாகப் போவாள், ஒரு நாள் முந்திப் போவாள், அவர் நடுரோட்டில் நிற்பார். கனகமணிக்குச் சொல்லாமல் தெரியும். மற்றவர்களுக்குச் சொன்னால்தான் தெரியும். "அன்னபாக்கியம்" என்றார். "செவலை நாய் ஒண்ணும் வரல."

"என்னது?"

"அன்னைக்கு. நாய் வரல. எனக்கு வரப்பு தெரியல. இருட்டுல எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. எந்த விளக்கு போட்டாலும் தெரியல. இது மட்டும்தான் தெரியுது." கையில் இருந்த சிவப்பைக் காட்டினார். "இத நீ மாட்டிக்கிட்டு முன்னால போனா, நான் பொறத்தால வந்துருவேன்."

பம்ப் நின்றது. லிங்கதுரை கையில் இருந்த நெற்றி விளக்கை ஓசைப்படாமல் மேஜைமேல் வைத்தான். அன்னபாக்கியம் அவரைப் பார்த்தாள், அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவு வெளிச்சம் இல்லை. "அந்த நாய நான் ரெண்டு தடவ கல்லால எறிஞ்சிருக்கேனே அத்தான்" என்றாள். அப்புறம் பம்ப்பை மறுபடி அடித்தாள், தேவைக்கு மேலேயே அடித்தாள். "நான் எட்டி மிதிக்கிறவ. பொறத்தால வந்துருவியளா?" கொஞ்சம் மெதுவாப் போ என்றார். "எனக்கு வாய் சும்மா இருக்காது. அக்கா மாதிரியே. வழி பூரா பேசுவேன், அப்புறம் விடியமுன்ன தொணதொணங்குதான்னு சொல்லக் கூடாது." பேசு என்றார். பள்ளம் வந்தால் அதையும் சொல்லு என்றார். "ஆனா ஞாயித்துக்கெழமை மாப்பிள்ள வாராவன்னு பியூலா போன்ல சொல்லிச்சு, அவுககூட கண்ணாஸ்பத்திரிக்குப் போவணும். திருப்பூருக்கு இல்ல, ஆஸ்பத்திரிக்கு. அதுக்குச் சம்மதம்னா காலையில வாசல்ல வந்து மணி அடிக்கேன்." சம்மதம் என்றார். "வெளிய நின்னு ரெண்டு தடவதான் அடிப்பேன்" என்றாள், "வரலைன்னா ஐஸ் கம்பெனி தாண்டிருவேன்." தாண்டமாட்டாள் என்பது இரண்டு பேருக்குமே தெரிந்தது.

லிங்கதுரை விளக்கை அன்னபாக்கியத்தின் சைக்கிளில் மாட்டப் பார்த்தான். அதோடு வந்த ரப்பர் பட்டை கேரியர் கம்பிக்குப் பெரிதாக இருந்தது, ஆடியது. சுற்றும்முற்றும் பார்த்தவன் கண், வெளியே நிறுத்தியிருந்த கனகமணியின் சைக்கிளில் போய் விழுந்தது. சீட்டுக்கு அடியில் அந்தப் பழைய விளக்கை மாட்டியிருந்த இரும்பு வளையம் இருந்தது. அந்த விளக்கு, சைக்கிள் அளத்திலிருந்து லோடு ஆட்டோவில் வீடு வந்த வழியில் எங்கோ விழுந்துபோனது, அவர் மறுநாள் அந்த ரோட்டில் பகலில் நடந்து தேடியும் கிடைக்கவில்லை. "இது அளவாத்தான் இருக்கும்" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்க் குந்தினான். எண்ணெய் விட்டான், தட்டினான், மறுபடி எண்ணெய் விட்டான், ஸ்பேனர் வழுக்கியது. "அறுத்து எடுத்திரட்டா அண்ணாச்சி?" வேண்டாம் என்றார். பழைய டியூபிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அதைச் சுற்றி, அன்னபாக்கியத்தின் சைக்கிளில் விளக்கைக் கட்டிக் கொடுத்தான். அவள் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினாள். சிவப்பு நின்று எரிந்தது.

கனகமணியின் சைக்கிளில் அந்த வளையம் இன்னும் இருக்கிறது. திருகு உப்பில் துருவேறி இறுகிவிட்டது, அது கழலாது.